புத்தகத்தில் வெள்ளை

சோளகம் பிடித்துவிட்டால் எனக்குப் பாதித் தொழில் இரவில்தான்.
கோண்டாவில் தோட்டத்துச் செம்மண்
ஷட்டருக்குக் கீழால் விரல் நீட்டும்.
நிலத்துக்குத் தண்ணீர் அடித்து, காற்றாடியை நிறுத்தி,
மூச்சைக்கூட அளந்து விட்டுத்தான்
ஒட்ட வேண்டும்.
ஒரு மணல் போதும். வினைலுக்கு அது மலை.

ஜெசிந்தா வந்தது அப்படியொரு பொழுதுபட.
வெள்ளை வாகன் ஆர்.
ஆஸ்பத்திரி வீதியில் வரிசைக்குப் பதினொன்று நிற்கும்,
ஒன்றில் மாதா, ஒன்றில் முருகன்,
மற்றும்படி ஒரு வித்தியாசமும் இல்லை.
போன கிழமை ஒரு மனிசன் பின்சீற்றில் ஏறி
ஃபோனில் கதைத்துக்கொண்டே இருந்து
நாவற்குழிப் பாலத்தில்தான் நிமிர்ந்து பார்த்தாராம்:
"நீர் ஆர் பிள்ளை?"

"முழுக்க மூட எவ்வளவு?"
சொன்னேன்.
திறக்க எடுத்த கைப்பையைத் திறக்காமலே வைத்தாள்.
"அப்ப, என்னட்டை இருக்கிறதுக்கு எவ்வளவு மூடலாம்?"

பொனற் ஒன்று. கூரை ஒன்று.
பக்கக் கண்ணாடிக் காதுகள் இரண்டு.
மிச்சத்தை வெள்ளையாகவே விடலாம்.
புத்தகத்திலும் வெள்ளை என்றுதான் இருக்கு,
மறிக்கிற பொலிசுக்கு ஒரு பதிலாவது இருக்கும்.

எல்லாரும் மாட் கறுப்பில் நிற்பார்கள்.
அவள் தாள் தாளாய்ப் புரட்டிக் கடைசிப் பக்கம் போனாள்.
இரண்டு வருசமாய் நான் விற்காத ஒரு பச்சை,
சோடாப் போத்தலுக்கும் சிக்னல் லைற்றுக்கும்
இடையில் எங்கேயோ.

"கூரைக்கு வேண்டாம் அக்கா, ஆர் பாக்கிறது?"
காசு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று எனக்கு நினைப்பு.
"லீசிங் ஒஃபிஸ் மூண்டாம் மாடி.
மனேஜற்றை மேசை ஜன்னலோட.
மாதம் மாதம் கட்டப் போகேக்க
கீழ நிக்கிறதை எட்டிப் பாத்திட்டுக் கேப்பார்,
எங்கட வாகனம் எப்பிடி ஓடுது எண்டு.
எங்கட."
கதவில் கீறல் இருக்கிறதா என்று தடவுகிற மாதிரி
அந்தச் சொல்லைத் திரும்ப ஒருக்கால் தடவினாள்.

இன்னும் நாற்பத்தேழு தவணை.
தகரம் அவர்களுடையது. ரயர் அவர்களுடையது.
அவளுக்கு இடுப்பு நோ தந்த சீற்றும் அவர்களுடையதே.
பெயின்ற் அடித்தால் கடிதம் வரும்.
இது ஒரு மயிர்த் தடிப்பு,
உரித்தால் இருந்த இடம் தெரியாது,
கைக்காசுக்கு வாங்கியது.

பிரதாபன் அன்றைக்கென்று வொலிபோல் விளையாடப் போய்விட்டான்.
கூரைத் துண்டின் மறுநுனியை அவளே பிடித்தாள்.
கட்டில் விரிப்பு மடிக்கிற இரண்டு பேர்போல
காரின் இரண்டு பக்கமும் நின்றோம்.
"இழுக்காதேங்கோ. இறக்குங்கோ. இன்னும் கொஞ்சம்."
சூட்டுத் துவக்கைக் காட்டக் காட்ட
பச்சை இளகி வளைவுக்குள் இறங்கியது.
வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு
பிளேன்ரீ ஆறும்வரை பார்த்தாள்.
விளிம்பில் நான் பிளேட் ஓட்டும்போது மட்டும்
பார்க்கவில்லை.

"பறிக்க வந்தாங்கள் எண்டால்?"
உரிக்கவும் காட்டிக் கொடுத்தேன்.
மூலையில் தொடங்கு, சூடு காட்டு,
நிமிர்த்தாமல் படுக்கவைத்தே இழு.
"தலைமயிர் காயவைக்கிற மெஷின் காணுமோ?"
"தாராளமாய்க் காணும்."
"வெள்ளையா வந்தது, வெள்ளையாவே போகட்டும்" என்றாள்.
வெட்டி மிஞ்சிய துண்டுகளையும்
எண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்றை நான் சொல்லவில்லை.
இடது லைற்றுக்கு மேலே ஒரு குமிழ். கடுகளவு.
ஊசியால் குத்தி அமத்தினால் போய்விடும்.
விடிய இரண்டு மணி, ஊசியைக் காணவில்லை,
எனக்கு நித்திரை.

ஐப்பசியில் ஒருநாள் கொக்குவில் கடவை.
படலை விழுந்து கிடக்கிறது.
எனக்கு முன்னால் நாலு மோட்டார்சைக்கிள், ஒரு ட்ரக்டர்,
அதற்கும் முன்னால் மழையில் கழுவின அந்தப் பச்சை.
அவள் இறங்கி பொனற்றில் சாய்ந்து நின்றாள்.
இடது லைற்றுக்கு மேலே கட்டைவிரல்.
இந்தப் பக்கம் தள்ளி, அந்தப் பக்கம் தள்ளி,
உடைக்காமல்.

ரயில் போய் முடிந்தது. படலை எழும்பியது.
பின்னால் எல்லாரும் ஹோர்ன்.
இன்னொருக்கால் அமத்திப் பார்த்துவிட்டுத்தான்
ஏறினாள்.